காட்டுத் துண்டா, காட்டுத் திட்டா?

மன்னார்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக நிற்கிறேன். கைகொடுங்கள்.

சின்னச் சின்னக் காடுகளை எப்படிப் பேணுவது என்று ஊராட்சிகளுக்குச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்தில் உள்ளே போனால் வழி தவறும் அளவுக்குக் காடு ஏது? ஐயனார் கோயிலை ஒட்டிய காடு, கொள்ளிடக் கரைப் படுகை, யாரும் உழாமல் விட்ட திடல், பழைய இலுப்பைத் தோப்பு, இவைதான். கையேடும் அந்த அளவுக் காடுகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதில் பக்கத்துக்குப் பத்து முறை வருகிற சொல் ‘ஃபாரஸ்ட் ஃப்ராக்மென்ட்’. ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்த காட்டை வயலும் சாலையும் வீடும் அறுத்துப் பிரித்த பிறகு, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சி நிற்கும் காடு.

‘காட்டுத் துண்டு’ என்றுதான் முதலில் போட்டேன். வீட்டில் படித்துக் காட்டியபோது, “காட்டுக்குப் போகிறவர் தோளில் போட்டுக்கொள்வதா?” என்று கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் உறுத்தல் வேறு. துண்டு என்றால் அறுத்து வைத்ததோடு கதை முடிந்தது. மீன் துண்டும் கரும்புத் துண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். காடு அப்படிக் கிடப்பதில்லை. அறுபட்ட நாளிலிருந்துதான் அதற்குள் வேலையே ஆரம்பிக்கிறது. ஓரத்தில் வெயில் நுழைகிறது, காற்று நுழைகிறது, மண் காய்கிறது. நிழலில் வளர்ந்த கன்றுகள் கருகுகின்றன. வெளிச்சம் தேடும் கொடியும் களையும் உள்ளே ஏறுகின்றன. அதுவரை அக்கம்பக்கத்து மரங்களின் அணைவில் நின்ற பெரிய மரம் முதல் பெருங்காற்றில் சாய்கிறது.

இந்த ஓரக் கணக்கை நம் ஊர் அளவில் போட்டுப் பார்த்தேன். ஒரு வேலி நிலத்தில் (20 மா, சுமார் 2.7 ஹெக்டேர்) காடு, சதுரமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குச் சுமார் 164 மீட்டர் வரும். ஓரத்தின் பாதிப்பு 50 மீட்டர் உள்ளே எட்டுகிறது என்றால் (மிகையான கணக்கு இல்லை, வெப்பமண்டலக் காடுகளில் சில மாற்றங்களை 100 மீட்டருக்கு அப்பாலும் அளந்திருக்கிறார்கள்), உள்காடாக மிஞ்சுவது 64 மீட்டர் சதுரம். 20 மாவில் 3 மா! மீதி 17 மாவும் ஓரம்தான். ஆற்றுப் படுகையின் பாடு இன்னும் மோசம். 40 மீட்டர் அகலத்தில் 10 கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும் அதில் உள்காடு ஒரு குழிகூட (மாவில் நூறில் ஒரு பங்கு) தேறாது. இத்தனையும் நடக்கிற ஒன்றைத் ‘துண்டு’ என்று சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை.

இன்னொரு சொல்லும் படுத்துகிறது. மிஞ்சிய காட்டைச் சுற்றியிருக்கும் வயல், தோப்பு, சாலை, ஊர் எல்லாவற்றையும் சேர்த்து ‘மேட்ரிக்ஸ்’ என்கிறார்கள். கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன். ‘காட்டுத் துண்டைச் சூழ்ந்துள்ள அணி’ என்று வந்தது. பள்ளிக்கூடக் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கிவிட்டது.

யோசித்து ஒதுக்கியவை: துணுக்கு (வார இதழில் பக்கம் நிரப்புவது), சில்லு (கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்), கூறு, சிதறல். ‘எச்சக்காடு’ கொஞ்சம் பிடித்திருந்தது. ஊரில் படித்தால் பறவை எச்சம் என்பார்கள், விட்டுவிட்டேன்.


கும்பகோணத்திலிருந்து:

தம்பி, சின்னக் காட்டுக்குத் தமிழில் சொல் பஞ்சமா? கா, பொழில், சோலை, தண்டலை, பொதும்பர், இறும்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இறும்பு என்றால் குறுங்காடு என்று தமிழ்ப் பேரகராதி பொருள் தருகிறது. அழகான சொல், யாரும் கைவைக்காமல் கிடக்கிறது. எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ளலாமே என்பது என் ஆசை.

ஆசைக்கு நானே ஒரு தடையும் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் காட்டின் அளவையும் அடர்த்தியையும் அழகையும் சொல்கிற சொற்கள். பெரிய காடு ஒன்று இருந்து போனது என்பதைச் சொல்லாது. நம் சோழநாட்டுத் தலங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: திருமறைக்காடு, திருவெண்காடு, திருச்சாய்க்காடு, தலைச்சங்காடு, தலையாலங்காடு, திருக்கொள்ளிக்காடு. காடு ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது, மரம் பிராகாரத்தில் தலவிருட்சமாக ஒன்றோ இரண்டோ நிற்கிறது. கொள்ளிடம் தாண்டினால் தில்லைவனம். அந்தத் தில்லையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பிச்சாவரம் போய்ப் படகில் ஏற வேண்டும். ஒரு நாட்டின் ஊர்ப்பெயர்ப் பட்டியலே காட்டின் கணக்கு மாதிரி இருக்கிறது.

அதனால் துண்டு என்ற சொல்லை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். கணக்கில் ‘துண்டு விழுகிறது’ என்கிறோமே, அங்கே அந்தச் சொல்லுக்குள் ஒரு குறை உட்கார்ந்திருக்கிறது. ‘நாட்டைத் துண்டாடினான்’ என்னும்போது ஒரு குற்றச்சாட்டே இருக்கிறது. காடு தானாகச் சின்னதாகவில்லை, யாரோ வெட்டினார்கள். துண்டு அதைச் சொல்கிறது.

மேட்ரிக்ஸுக்கு ‘சூழ்நிலம்’ போடுங்கள்.


கொள்ளிடத்திலிருந்து:

நான் இங்கே படிக்கிறவன் மட்டும். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு உள்ளே இருக்கும் திட்டு. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு என்றெல்லாம் வெள்ளக் காலத்துச் செய்தியில் பெயர் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்கம்தான். மேட்டூர் நிரம்பி உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பினால் எங்களுக்கு நாலு பக்கமும் தண்ணீர். திட்டு மட்டும் மேலே தெரியும், இன்னும் ஏறினால் அதுவும் தெரியாது. திட்டு ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் கரையும், இன்னொரு பக்கம் மண் சேரும். அப்பா நட்ட மூங்கில் குத்து இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது.

வயலுக்கு நடுவே மரம் நிற்கிற மேட்டையும் திட்டு என்றுதான் சொல்வோம். ‘திட்டுத் திட்டாக நிற்கிறது’ என்றால் குழந்தைக்கும் புரியும். அதை விட்டுவிட்டு ஏன் துண்டு, இறும்பு என்று அலைகிறீர்கள்? திட்டு நிற்பதும் கரைவதும் அதன் கையில் இல்லை. சுத்துப்பட்டில் என்ன நடக்கிறதோ அதுதான் திட்டைக் காப்பாற்றும், அதுவேதான் தின்னும்.


மன்னார்குடியிலிருந்து:

கொள்ளிடத்துக்காரரே, இத்தனை நாள் சும்மா இருந்ததற்கு உங்களைத்தான் திட்ட வேண்டும்!

மாங்குரோவுக்குச் சதுப்புநிலக் காடு என்று நாம் எழுதிக்கொண்டிருக்க, முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தி என்று ஒரு சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. அலையை ஆற்றுவது. அந்த ஒரு சொல்லில் அந்தக் காடு என்ன வேலை செய்கிறது என்பதும் வந்துவிடுகிறது. திட்டும் அப்படித்தான் வந்து விழுந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, அறுபட்ட காடுகளை ஆராயும் இந்தத் துறை பிறந்ததே திட்டில்தான். 1967இல் மெக்ஆர்தர், வில்சன் என்ற இரு சூழலியலாளர்கள் தீவுகளில் வாழும் உயிரினங்களைப் பற்றி ஒரு கோட்பாடு கொண்டுவந்தார்கள். தீவு சிறுத்தால் அதில் தங்கும் இனங்களின் எண்ணிக்கை குறையும், பெருநிலத்திலிருந்து விலகினால் வந்து சேரும் இனங்கள் குறையும். வயலுக்கு நடுவே நிற்கும் காட்டையும் தீவாகப் பார்த்தால் என்ன என்று பிறகு யோசித்தார்கள். கைவசம் அப்பட்டமான உதாரணம் வேறு இருந்தது. பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது தண்ணீர் ஏறி, ஒரு குன்றின் தலை மட்டும் காட்டோடு மேலே நின்றது. அதுதான் பாரோ கொலராடோ தீவு. கால்வாய் திறந்தது 1914இல். உங்கள் ஊருக்கு வெள்ளம் வந்து வடியாமலே நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. காடு பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்த பறவையினங்கள் பல ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஆனால் சுற்றி இருப்பது தண்ணீராகவே இருக்க வேண்டியதில்லையே. பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே 1979இல் தாமஸ் லவ்ஜாய் என்ற சூழலியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைக்காக எப்படியும் அழிக்கப்போகிற காட்டில் 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் காடுகளை விட்டுவைக்கச் செய்து, வெட்டுவதற்கு முன்பும் பின்பும் கணக்கெடுத்தார்கள். சிறியவற்றிலிருந்து பூச்சி தின்னும் பறவைகள் வேகமாகப் போய்விட்டன. அப்புறம் சில பண்ணைகள் கைவிடப்பட்டு, சுற்றிலும் மரம் தானாக முளைத்தது. அறுபட்ட ஓரம் மெல்ல மூடிக்கொண்டது, போன பறவைகளில் சில திரும்பின. உள்ளே இருந்த காட்டுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. மாறியது சுற்றியிருந்த நிலம்தான்.

கொள்ளிடத்துக்காரர் ‘சுத்துப்பட்டு’ என்று போகிறபோக்கில் எழுதிய சொல்லைக் கவனித்தீர்களா? மேட்ரிக்ஸ் அதுதான். சூழ்நிலம் தவறில்லை ஐயா, ஆனால் அதில் நிலம் மட்டும் தெரிகிறது. சுற்றுப்பட்டு என்றால் ஆளும் மாடும் வரப்பும் வாய்க்காலும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ‘சுற்றுப்பட்டுக் கிராமங்கள்’ என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம், விளக்கவும் வேண்டாம்.

என் முடிவு: ஃப்ராக்மென்ட் காட்டுத் திட்டு, மேட்ரிக்ஸ் சுற்றுப்பட்டு. நாளை காலை கையேடு முழுக்க மாற்றிவிடுகிறேன்.


வேதாரண்யத்திலிருந்து:

அண்ணா, மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

கோடியக்கரைக் காட்டில் மரக் கணக்கெடுப்புக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்ற விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்து பார்த்தால்தான் தெரிவது ஒன்று உண்டு. காடு அங்கே மணல்மேட்டில் நிற்கிறது. பாலை மரங்களும் மற்ற உலர் பசுமைமாறா மரங்களும் மேட்டில். இறங்கினால் புல்வெளி, அதற்கப்பால் உப்புச் சேறு. அந்தக் காட்டை யாரும் அறுத்து அப்படி ஆக்கவில்லை. கடலும் காற்றும் மணலைக் குவித்த விதத்தில் காடு மேட்டோடு மேடாக ஏறி நிற்கிறது.

இதுவும் திட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய காடாக இருந்து, சுற்றிலும் வெட்டி வயலாக்கிய பின் மிஞ்சிய கோயில் காடும் திட்டு. ஒரே சொல்லில் இரண்டும் கலந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எந்தக் கையேடாக இருந்தாலும் அடுத்த பக்கத்தில் ‘பிரிந்து கிடக்கும் காடுகளை மரம் நட்டு இணையுங்கள்’ என்று வரும். உங்களுடையதிலும் வரும், பாருங்கள். கோயில் காட்டுக்கு அது சரியான யோசனை. அதே யோசனையை நல்ல மனதோடு ஒருவர் இங்கே கொண்டுவந்து இரண்டு மணல்மேட்டுக்கு நடுவே உள்ள புல்வெளியில் கன்று நட்டால்? வெளிமான் எங்கே போய் நிற்கும்? பெயரிலேயே வெளி இருக்கிறது. மறைவில் ஒளிகிற மான் இல்லை அது. தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற மான். ஏற்கெனவே சீமைக்கருவேல் அந்த வெளியைத் தின்று வருகிறது. நாமும் சேர்ந்து நட வேண்டுமா?

சோலை என்ற சொல்லுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மலைகளில் புல்வெளிக்கு நடுவே மடிப்பு மடிப்பாக நிற்கும் காட்டை நாம் சோலை என்றோம். வெள்ளைக்காரனும் அதை ‘ஷோலா’ என்றே எடுத்துக்கொண்டான், இன்று உலகம் முழுக்கச் சூழலியலில் புழங்குகிறது. சொல் போய்ச் சேர்ந்தது. ஆனால் சோலையைச் சுற்றியிருந்த புல்வெளியைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்துச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். அதன் பலனை நீலகிரி இன்னும் அனுபவிக்கிறது. புல்வெளியின் நடுவே இயல்பாக நிற்கும் காடு ஒன்று, தேயிலைக்காக அறுத்த பிறகு வால்பாறையில் நிற்கிற மழைக்காடு இன்னொன்று. தோட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிங்கவால் குரங்குகளுக்குச் சாலைக்கு மேல் கயிற்றுப் பாலம் கட்டுகிறார்களே, அங்கே இணைப்பது நியாயம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது.

கும்பகோணம் ஐயா சொன்ன குற்றச்சாட்டும் முக்கியம். திட்டு என்று மட்டும் எழுதினால் வெட்டியவர் தப்பித்துக்கொள்வார். திட்டு இயற்கையாக உண்டானது போலத்தானே காதில் விழுகிறது?

எனக்குத் தோன்றுவது இது. இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்வோம். திட்டு, இன்று கண்ணால் பார்க்கும் வடிவத்துக்கு. எந்தக் காரணத்தால் தனியாக நின்றாலும் திட்டுதான். துண்டு, அதன் வரலாற்றுக்கு. பழைய வரைபடமோ, கிராமக் கணக்கோ, ‘நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வாய்க்கால் வரைக்கும் காடு’ என்று சொல்லும் பாட்டியோ இருந்தால்தான் ஒரு திட்டைத் துண்டு என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு கோடியக்கரையில் மரங்கள் விழுந்து கிடந்த இடங்களில் நடந்தோம். மேடு அப்படியே இருந்தது, கூரை போய்விட்டிருந்தது. வெயில் நேரே தரையில் விழுந்தது. ஓரத்துக்கு வந்த அதே வியாதி காட்டின் நடுவிலும் வந்திருந்தது. உள்காடு என்று நீங்கள் கணக்குப் போடுவது ஒரு புயலில் ஓரமாகிவிடும் என்பதையும் கையேட்டில் எங்காவது சொல்லுங்கள். கோடைக்குப் பாலைப்பழம் விற்க வருகிறவர்களிடம் கேட்டால் நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.


கும்பகோணத்திலிருந்து:

வேதாரண்யம் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இறும்பைத் திரும்ப அகராதியிலேயே வைத்துவிட்டேன். தூங்கட்டும்.

இரண்டு சின்ன விஷயம். ஃப்ராக்மெண்டேஷனுக்குத் ‘துண்டாதல்’ என்று எழுதாதீர்கள். பால் திரிந்தது, பழம் கனிந்தது என்பது மாதிரி தானே ஆனதாகிவிடும். ‘துண்டாக்கல்’ என்று பிறவினையில் எழுதுங்கள், செய்தவர் யார் என்ற கேள்வி சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அடுத்தது, எட்ஜ் எஃபெக்டுக்கு விளிம்பு விளைவு என்று பலர் எழுதுகிறார்கள். விளிம்பு தட்டுக்கும் கிண்ணத்துக்கும் இருப்பது. வயலுக்கும் காட்டுக்கும் ஓரம்தான். ‘ஓர விளைவு’ போடுங்கள். ஓரவஞ்சனை ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, அதுவும் கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது.


மன்னார்குடியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியிருந்தால் இன்று காலை எல்லாவற்றையும் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பேன். வேதாரண்யம் சகோதரி சொன்னது போலவே, 14ஆம் பக்கத்தில் ‘இணையுங்கள்’ வந்தே விட்டது.

முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“உங்கள் ஊரில் வயலுக்கோ வீட்டுக்கோ நடுவே தனியாக நிற்கும் காடு ஒரு காட்டுத் திட்டு. அது முன்பு பெரிய காட்டின் பகுதியாக இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், பழைய வரைபடத்தைப் பாருங்கள். இருந்தது என்றால் அது துண்டுக்காடு. சுற்றுப்பட்டில் மரம் வளர்த்து, அடுத்த காட்டோடு வழித்தடம் அமைக்கலாம். மணல்மேடு, புல்வெளி, களர் இவற்றுக்கு நடுவே இயல்பாகவே நிற்கும் திட்டு என்றால் சுற்றியுள்ள வெளியில் மரம் நடாதீர்கள். அந்த வெளிக்கும் உயிர்கள் உண்டு. இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று இருக்கிறது: ஓரத்தைக் கவனியுங்கள். நெருப்பு, சீமைக்கருவேல், குப்பை, வெட்டு எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.”

‘துண்டுக்காடு’ என்று சேர்த்தே எழுதியதால் தோளில் போடும் துண்டின் தொல்லை போய்விட்டது, வீட்டிலும் படித்துக் காட்டிவிட்டேன். ஒரு வேலிக் கணக்கையும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஹெக்டேர் என்று எழுதியபோது கேட்டவர்கள் தலையாட்டினார்கள். 20 மாவில் 3 மா என்றதும், “அவ்வளவுதானா?” என்று கேட்டார்கள்.

கஜாவைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வழித்தடம் என்ற சொல்லில் சண்டை இருக்காது என்று நம்புகிறேன், யானை அதை ஏற்கெனவே நமக்காக நிலைநாட்டிவிட்டது.


கொள்ளிடத்திலிருந்து:

நல்லா இருக்கு ஐயா. ஒன்றே ஒன்று: நான் சுத்துப்பட்டு என்று எழுதினேன், நீங்கள் சுற்றுப்பட்டு ஆக்கிவிட்டீர்கள். அச்சில் அப்படியே இருக்கட்டும். எங்கள் திட்டில் எப்படியும் சுத்துப்பட்டு என்றுதான் படிப்பார்கள். பத்துப் பிரதி அனுப்புங்கள், ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள்.